பேசாத கட்டை

முதல் ஒரு மாதம் நான் என் வலது கையின் மேல் உட்கார்ந்துதான் ஆர்மோனியம் படித்தேன். கதைக்காகச் சொல்லவில்லை. பலாங்கொடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டின் முன்னறையில், நான் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்ததும், மிஸ் என் வலது கையை எடுத்து என் தொடைக்கு அடியில் செருகிவிடுவார். "இந்தக் கைக்கு இப்ப லீவு, அக்கா" என்பார். பிறகு ஒரே ஒரு கட்டையைத் தன் விரலால் அமுக்கிப் பிடித்துக்கொள்வார். நான் இடது கையால் பின்பக்கத் துருத்தியை அசைக்க வேண்டும். அந்த ஒற்றைச் சத்தம் ஏறக் கூடாது, இறங்கக் கூடாது, நடுங்கக் கூடாது. கால் மணி நேரத்தில் தொடைக்கு அடியில் இருந்த கை மரத்துப்போகும், துருத்தி பிடித்த கை வலிக்கத் தொடங்கும். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. என் இரண்டு பக்கமும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் பத்து விரலாலும் கீபோர்டு வாசித்துத் தள்ளிக்கொண்டிருப்பார்கள். நடுவில் நான் மட்டும் ஒரே சத்தத்தை ஊதிக்கொண்டு, வெட்கமும் சிரிப்புமாக உட்கார்ந்திருப்பேன். இப்போது என்னிடம் படிக்க வருகிற நாலு பேரையும் நான் அப்படித்தான் உட்கார வைக்கிறேன். அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்த்தால் மிஸ் அன்று எவ்வளவு சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பார் என்று புரிகிறது.

இந்த வம்பு என் வாயால் வந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மார்கழி முப்பது நாளும் விடியற்காலையில் பஜனை போகும். கோயிலில் கிளம்பி, தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு முன்னால் முடிந்துவிடும். ஆர்மோனியப் பெட்டியைத் துண்டால் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நடந்துகொண்டே வாசிப்பவர் என் தாய்மாமன். இருபது வருடத்துக்கு மேல் அவர்தான். மகன் வீட்டோடு அவர் கொழும்புப் பக்கம் போய்விட்டதும், சித்திரையில் கூடிய கோயில் கூட்டத்தில் அடுத்த மார்கழிக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தது. "ஏன் கஷ்டப்படணும்? ஒரு த்ரீவீல்ல ஸ்பீக்கர் கட்டி, பாட்டப் போட்டுக்கிட்டே போயிறலாம்" என்றார் கோயில் தலைவர். பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஸ்பீக்கர் பாடினால் நாங்கள் எதற்கு? ஆட்டோவுக்குப் பின்னால் சும்மா நடந்து போகவா? "ஸ்பீக்கரெல்லாம் வேணாங்க. நான் வாசிக்கிறேன்" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. "எட்டு மாசம் இருக்கு, படிச்சிக்க. இல்லாட்டி ஸ்பீக்கர்தான்" என்று தலைவர் முடித்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது என் வீட்டுக்காரர், "ஆழம் பாக்காம கால விடுறதே ஒனக்கு வேலையாப் போச்சு" என்றார்.

கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. சனிக்கிழமை அரை நாள். அந்த அரை நாளில் பஸ் பிடித்து பலாங்கொடை டவுனுக்குப் போய் ஒரு சங்கீத மாஸ்டரிடம் சேர்ந்தேன். அவருடைய முறை நோட்டுப் புத்தகம். முதல் நாளே மூன்று பக்கம் எழுதச் சொன்னார். இரண்டாம் வாரம் அதை ஒப்பிக்கச் சொன்னார். பெட்டியைத் தொட எப்போது விடுவீர்கள் என்று கேட்டதற்கு, "மொதல்ல இலக்கணம், அப்புறம்தான் இசை" என்றார். அவர் சொன்னது பெரிய விஷயமாகவே இருக்கலாம். ஆனால் மார்கழி எனக்காகக் காத்திருக்காது. மூன்றாவது வாரம் அவர் வீட்டுக்குள் நுழையாமல் தாண்டி நடந்தபோது, சந்துக்குள் ஒரு வீட்டிலிருந்து ஆர்மோனியமும் பிள்ளைகள் சிரிக்கிற சத்தமும் சேர்ந்து வந்தன. சங்கீத வகுப்பில் சிரிப்பா என்று எட்டிப் பார்த்தேன். அப்படித்தான் மிஸ்ஸைக் கண்டுபிடித்தேன்.

மிஸ் சிங்களப் பெண். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். பாட்டுப் பாடத்துக்குப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்குத் தனியாக வகுப்பு நடத்தினார். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு என்பதால் பேச்சுக்குக் குறைவில்லை. ஸ ரி க ம எல்லாருக்கும் ஒன்றுதான். நான் வந்த கதையைச் சொன்னதும், மலையில் ஏறி இறங்கிக்கொண்டே வாசிக்க வேண்டுமா என்று கண்ணை அகல விரித்தார். "அப்ப மொதல்ல காத்து" என்று சொல்லி அன்றைக்கே என் வலது கைக்கு லீவு கொடுத்துவிட்டார்.

அவருடைய முறையில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. பிழையைப் பிழை என்று சொல்லவே மாட்டார். சிங்களத்தில் அதற்கு 'வெரதி' என்று பெயர். பள்ளிக்கூடத்தில் நான் சிங்களம் படித்த காலத்தில் அதிகமாகக் கேட்ட வார்த்தை அதுதான். மிஸ்ஸின் வாயில் அது வராது. யாராவது தடுமாறினால், அந்தத் தடுமாற்றத்தை அப்படியே, ஒரு இம்மி பிசகாமல் தன் பெட்டியில் வாசித்துக் காட்டுவார். வாசித்துவிட்டு, முகத்தில் ஒரு குறும்பும் இல்லாமல், "மெஹெமத?" என்பார். இப்படியா என்று அர்த்தம். கேட்ட பிள்ளைக்குத் தன் காதிலேயே உண்மை விழுந்துவிடும். "ஐயோ, இல்ல மிஸ்!" என்று அது சிரித்துக்கொண்டே திருத்திக்கொள்ளும். என் தடுமாற்றங்களை அவர் வாசித்துக் காட்டும்போது அவை கொஞ்சம் அழகாகவே இருக்கும். அதில் எனக்கு ஒரு ரகசியப் பெருமை.

இரண்டாம் மாதம் கோயில் பெட்டியை ஒரு சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மிஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டையில் விரல் நின்றது. திரும்பத் திரும்ப அமுக்கினார். காற்று மட்டும் புஸ்ஸென்று போனது. "அக்கா, இவர் பேசமாட்டாரே" என்றார். மாமா வழக்கமாக எந்தக் கட்டையை ஸ என்று வைத்துத் தொடங்குவாரோ, அதிலிருந்து எண்ணினால் அது நாலாவது, ம. கடைத்தெருவில் ரேடியோ திருத்துகிற முஸ்லிம் பெரியவர் ஒருவர், எல்லாரும் நானா என்று கூப்பிடுகிறவர், பழைய பெட்டிகளையும் பார்ப்பார் என்று மிஸ்ஸுக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் கொடுத்தோம். உள்ளே இருந்த பித்தளை நாக்கு உடைந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது என்றார் நானா. புது நாக்கு வைத்து, தூசி தட்டி, பெட்டியைப் புத்தம் புதிதாகக் கொடுத்தார். நான் அதைத் தோட்டத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்தபோது என் நடையே வேறு. மாமாவால் இருபது வருடம் செய்ய முடியாததை நான் இரண்டு மாதத்தில் செய்துவிட்டேன் அல்லவா?

அடுத்து பாட்டு. பஜனையில் ஏழெட்டுப் பாட்டு உண்டு. ஆனால் ஒவ்வொரு லயத்து வாசலிலும் நின்று, பெரியவர் சிறியவர் எல்லாரும் தொண்டை கிழியப் பாடுவது ஒரே ஒரு முருகன் பாட்டு. அது நின்றால் பஜனை நின்ற மாதிரி. மிஸ்ஸுக்கு அந்தப் பாட்டு தெரியாது. அவருடைய முறைப்படி, படிக்கிறவர் முதலில் பாட வேண்டும். வாய் போகிற இடத்துக்கு விரல் பின்னாலேயே போக வேண்டும். "பாடுங்க அக்கா, நான் எழுதிக்கிறேன்" என்றார். எனக்கோ தகரத் தொண்டை. பக்கத்தில் அத்தனை பிள்ளைகள் வேறு. "இருங்க மிஸ், நல்லாப் பாடினதே இருக்கு" என்று போனை எடுத்து, பெரிய பாடகர் ஒருவர் பாடியதைத் தேடிப் போட்டுக் கொடுத்தேன். மிஸ் அதைக் கேட்டு எழுதிக்கொண்டார். நாங்கள் தோட்டத்தில் பாடுவதற்கும் அதற்கும் ஒரு இடத்தில் சின்ன வித்தியாசம் இருந்தது எனக்கும் கேட்டது. படித்த பாடகர் பாடுவதுதான் சரி, நாங்கள் ஏதோ பாடுகிறோம் என்று விட்டுவிட்டேன்.

அந்த எட்டு மாதத்தைப்போல் நான் சந்தோஷமாக இருந்த காலம் குறைவு. பிள்ளைக்காம்பராவில் மத்தியானம் குழந்தைகள் தொட்டிலில் கிடக்கும்போது பெட்டியை எடுத்து வைத்துக்கொள்வேன். ஒற்றைச் சத்தத்தை நடுங்காமல் ஊதினால் பன்னிரண்டு குழந்தைகளும் தூங்கிவிடும். பாட்டு வாசித்தால் ஒன்றிரண்டு விழித்துக்கொண்டு என்னை முறைக்கும். பால் கொடுக்க வருகிற தாய்மார் வாசலில் கூடையை இறக்கிவிட்டு, "அக்கா, இன்னைக்கு எந்த வரி?" என்று கேட்பார்கள். கார்த்திகை முடிவதற்குள் பாட்டு என் விரலுக்குள் வந்துவிட்டது. கடைசி வகுப்பில் மிஸ் ஒரு தடவைகூட 'மெஹெமத' கேட்கவில்லை. என்னைவிட அவருக்குத்தான் அன்று கண் கலங்கியது.

மார்கழி முதல் நாள், புதன்கிழமை, பனியில் முழுகி, சேலை மாற்றி, பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு பெண் பெட்டி மாட்டி நிற்பதைப் பார்க்கவே லயத்துப் பிள்ளைகள் எல்லாம் எழுந்து வந்திருந்தார்கள். முதல் லயத்து வாசலில் முருகன் பாட்டைத் தொடங்கினேன். முதல் வரி நன்றாகப் போனது. இரண்டாவது வரியில் என் பெட்டி க-விலிருந்து ம-வுக்கு ஏறியது. நூறு குரல் க-விலேயே நின்றது. கூட்டம் ஒரு கணம் விழித்தது. அடுத்த வரியில் மறுபடியும் அதே இடம், அதே மோதல். சிலர் பெட்டியோடு ஏறப் பார்த்தார்கள், சிலர் நின்றார்கள், சிலர் வாயை மூடிக்கொண்டார்கள். மூன்றாவது லயத்துக்குப் போவதற்குள் ஜால்ராவும் நானும்தான் மிச்சம்.

மறுநாளும் அதே கதை. என் வாய் சும்மா இருக்குமா? "நீங்கதான் தப்பாப் பாடுறீங்க. நான் முறையாப் படிச்சிட்டு வந்திருக்கேன்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டேன். கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு அக்கா, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒன்னக் கொற சொல்லல புள்ள. ஆனா சனம் பாட முடியாம நிக்குது. சனிக்கெழம வரைக்கும் பாப்போம்" என்றார். வெள்ளிக்கிழமை காலையில் எங்களுக்குப் பின்னால் ஒரு த்ரீவீல் மெதுவாக ஊர்ந்து வந்தது. கூரையில் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. போடவில்லை, சும்மாதான் வந்தது. ஆனால் நான் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அதன் வெளிச்சம் என் முகத்தில் அடித்தது.

அதற்கு முந்தின நாள் சாயந்திரமே மாமாவுக்குப் போன் எடுத்திருந்தேன். நடந்ததைச் சொன்னேன். மாமா மெதுவாகக் கேட்டார். "அந்தக் கட்டைய சரி பண்ணிட்டியா?" பண்ணிவிட்டேன் என்றேன். "அட பாவி மகளே! நான் வாசிக்க வந்த புதுசுலயே அது செத்துப்போனப்ப நான் என்ன பண்றது? வேற கட்டையில தொடங்கத் தெரியாது எனக்கு. க-வுலயே கொஞ்சம் நின்னுட்டு, ப-வுக்கு எட்டி வச்சிருவேன். சனம் வாயால நெரப்பிக்கும்னு நெனச்சேன். அதுங்க நெரப்பவே இல்லியா?" அவர் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து போனை வைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு தோட்டமே இருபது வருடம் ஒரு சுரத்தைத் தாண்டிக் குதித்துப் பாடியிருக்கிறது. இதைத் திருத்தியே ஆக வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் ஏறியது. நான் சொன்னால் கேட்க மாட்டார்கள், மிஸ் சொன்னால் கேட்பார்கள். உடனே அவருக்குப் போன் எடுத்து, "நீங்க வந்து எங்க சனத்துக்குச் சரியாச் சொல்லிக் குடுங்க மிஸ்" என்றேன். வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸில் ஒரு சின்னப் பையோடு வந்து இறங்கினார்.

சனிக்கிழமை காலை மிஸ் என் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கூட்டத்தோடு நின்றார். பின்னால் த்ரீவீல் உறுமிக்கொண்டிருந்தது. முதல் லயத்து வாசலில், நான் வாசிக்கப் போகும்போது மிஸ் என் துருத்தியின் மேல் கையை வைத்து மூடினார். "பெட்டி வேணாம். அவங்க பாடட்டும்" என்றார். ஜால்ரா மட்டும் தட்ட, மூன்று நாளாக அடைத்துக் கிடந்த தொண்டைகள் எல்லாம் திறந்தன. பெட்டி இல்லாமல் அவர்கள் பாடியதை அன்றைக்குத்தான் நானும் ஒழுங்காகக் கேட்டேன். இரண்டாவது வரியில் க-வில் வந்து நின்றார்கள். நூறு பேரும் ஒரே நேரத்தில் நின்று, மூச்சைப் பிடித்து, ஒரே நேரத்தில் ப-வுக்கு எட்டினார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள் அந்த இடத்தில் குழந்தையை ஒரு தூக்குத் தூக்கினார்கள். கங்காணி ஒருவர் குதிகாலை உயர்த்தினார். அந்தத் தூக்கலில் என்னுடைய இடுப்பும் சேர்ந்து அசைந்தது. இருபது வருடமாக நானும் இப்படியே பாடிய பாட்டு இது என்பதை நான்தான் மறந்திருந்தேன்.

பாடி முடிந்ததும் மிஸ் பெட்டியை என் கழுத்திலிருந்து வாங்கி, லயத்துப் படியில் வைத்து உட்கார்ந்தார். வாசித்தார். க-வில் நின்றார், ஒரு மூச்சு இழுத்தார், ப-வுக்கு எட்டினார். தலையை நிமிர்த்தி, வகுப்பில் கேட்பதுபோலவே, அத்தனை பேரையும் பார்த்துக் கேட்டார்: "மெஹெமத?"

நான் காத்திருந்தேன். இப்போது அவர்களுக்கே உறைக்கும், ஐயோ இல்ல என்று நாக்கைக் கடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

"ஆமா மிஸ்! அப்புடித்தான்!" என்று லயமே கத்தியது. ஆடத் தெரியாதவள் என்று என்னைச் சொன்ன அக்கா கை தட்டினார். மிஸ்ஸுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பெட்டியைத் தூக்கித் திரும்ப என் கழுத்தில் மாட்டிவிட்டுக்கொண்டே, என் காதில் சொன்னார். "அக்கா, நீங்களும் நானும்தான் வெரதி." இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். அதைச் சொன்னபோது தன்னையும் சேர்த்துக்கொண்டார். என் பிடிவாதமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய நிம்மதியாக இருந்தது.

ஆனால் விரல் கேட்க வேண்டுமே. மாதக்கணக்காக ம-வுக்கு ஏறிப் பழகிய விரல் அது. அடுத்த லயத்துக்கு நடக்கும்போது மிஸ்ஸிடம் அதைச் சொன்னேன். "விரலைப் பாக்காதீங்க. இன்னைக்காவது பாடுங்க" என்றார். அடுத்த வாசலில் நின்று, நூறு குரலுக்குள் என் தகரத் தொண்டையையும் விட்டேன். ஏறுமேட்டில் வந்த மூச்சிரைப்பு எனக்குள் இருந்தது, துருத்தியில் இல்லை. இரண்டாவது வரி வந்தது. வாய் க-வில் நின்றது. விரலும் நின்றது. நானா வைத்த புது நாக்கு தன் பாட்டுக்குச் சும்மா கிடந்தது. எல்லாரும் மூச்சைப் பிடித்தோம், எல்லாரும் எட்டினோம். கூட்டத்தில் ஒரு கூச்சல் எழுந்தது. மிஸ் அர்த்தம் தெரியாத தமிழ் வார்த்தைகளை வாயசைத்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் சரியாக எல்லாரோடும் எட்டினார். எனக்குக் கண்ணீர் வந்தது. இரண்டு கைக்கும் வேலை இருந்ததால் துடைக்கவில்லை.

தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பின்னால் போனார். த்ரீவீலின் ஜன்னலில் குனிந்து, "நீ போயிட்டு வாப்பா. இனி வரத் தேவயில்ல" என்றார்.

டிரைவர் எஞ்சினை நிறுத்தினார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஸ்பீக்கரை அப்படியே விட்டுவிட்டு இறங்கி வந்து, கூட்டத்தின் கடைசியில் நின்று, தன் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்களோடு பாட ஆரம்பித்தார்.